மகன் வரும் நேரம்

பார்வையாளர் நேரத்துக்கு மணி அடித்ததும் பெரியவர் வெள்ளைச் சட்டையை எடுத்து மாட்டினார். நோயாளிப் பட்டை மறையும்படி முழுக்கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டார். சாப்பாட்டுத் தட்டில் வந்த ஆரஞ்சு, சட்டைப் பைக்குள் போனது.

"கீழே மகன் காத்துக்கிட்டிருப்பான்" என்றார், யாரும் கேட்காமலே.

பக்கத்துக் கட்டில்காரருக்கு வாய் சும்மா இருக்காது. "எல்லாருக்கும் மகன் பழம் கொண்டு வருவான். இங்க அப்பன் கொண்டு போறாரு."

"உன் வேலையைப் பாருய்யா."

கால் கட்டோடு நொண்டிக்கொண்டு வாசலுக்கு வந்தவரைக் கிருமித் தொற்றைக் கவனிக்கிற டாக்டரம்மா மறித்தார். சிரித்துக்கொண்டு வருகிற டாக்டர் கத்தியோடுதான் வருவார் என்பது பெரியவர் கட்சி. இந்த அம்மா சிரிக்கவும் இல்லை.

எந்த மருந்துக்கும் அடங்காத கிருமி ஒன்று, நாலு வார்டில் நாலு பேரைப் பிடித்திருக்கிறதாம். அவர்களுக்குப் பொதுவாக ஒரு டாக்டர் இல்லை, நர்ஸ் இல்லை, கருவி இல்லை. கிருமிகளின் மரபணுவை எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்த்ததில், நாலும் பெரியவர் புண்ணில் இருந்த கிருமியின் வாரிசுகள் என்று தெரிந்ததாம்.

"கிருமிக்கு வம்சாவளி எழுதுறீங்களாக்கும்?"

"அது தானா நடந்து போகாதுங்க ஐயா. யார் கையிலயோ ஒட்டிக்கிட்டுத்தான் போயிருக்கு. உங்களைத் தொடுறவங்கள்ல நாங்க கையைச் சோதிக்காதது உங்க மகனை மட்டும்தான். சோதிக்கிற வரைக்கும் அவர் இங்க வரக் கூடாது."

"அவனை இதுல இழுக்காதீங்க."

டாக்டரம்மா குரலைத் தாழ்த்தினார். "அதுல ஒருத்தர் பொழைப்பாரான்னே தெரியலை. நாலு பேருமே நாதியத்தவங்க, பாக்க ஆளே வர்றதில்லை. யாரோ ஒருத்தர் மட்டும் வந்து கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பாராம். உங்க மகனுக்கு அங்க என்ன வேலை?"

பெரியவர் பைக்குள் கைவிட்டு ஆரஞ்சை எடுத்தார். கொஞ்ச நேரம் அதை உள்ளங்கையில் உருட்டியபடி நின்றார். பிறகு கட்டிலுக்குத் திரும்பி, பழத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டுச் சட்டைப் பொத்தான்களைக் கழற்றத் தொடங்கினார்.

"போனது நான்தாம்மா" என்றார். "எனக்கு மட்டும் யாரு வர்றா?"