உப்பு நோட்டு

எதிரே உட்கார்ந்திருந்தவர் நீளமாக ஒரு ஏப்பம் விட்டார். உணவு ஆலோசகர் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கண்டதையும் வயிறு முட்டத் தின்றுவிட்டு வந்து, இங்கே உட்கார்ந்து ஏப்பம் வேறு.

இதயம் தளர்ந்துபோன மனிதர். ஒரே வாரத்தில் மூன்று கிலோ ஏறியிருந்தார். வீங்கிய காலை விரலால் அழுத்தினால் குழி அப்படியே நின்றது. இன்னொரு தடவை நெஞ்சில் நீர் கோத்தால் பிழைப்பது கஷ்டம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

தினமும் சாப்பிட்டதை எழுதிவைக்கும் உப்பு நோட்டைப் பார்த்தால் அவர் சாமியார்தான். முதல் பக்கத்தில் ஆலோசகர் எழுதிக் கொடுத்த விதிகள். அடுத்த பக்கங்களில் மனைவியின் மணியான கையெழுத்தில் மூன்று வேளையும் ‘உப்பு இல்லை’. ஆலோசகர் நோட்டைப் பட்டென்று மூடினாள். பதினோரு வருடமாக இந்த அறையில் அவள் கேட்காத பொய்யா?

“யார் காதுல பூ சுத்தறீங்க? போகப்போறது உங்க வீட்டுக்காரர் உயிரும்மா.”

அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி பையிலிருந்து மதியச் சாப்பாட்டு டப்பாவை எடுத்துத் திறந்தாள். “நீங்களே வாயில போட்டுப் பாருங்க மேடம்.”

ஆலோசகர் ஒரு கரண்டி வாயில் போட்டாள். சவசவ என்றிருந்தது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

“நாலு மாசமா நானும் இதைத்தான் திங்கறேன். வீட்டுல உப்பு டப்பாவே கிடையாது.”

“அப்போ இவர் வெளியில திங்கறார். சட்டைப் பையில என்ன புடைப்பு?”

அவர் கூச்சத்தோடு நாலைந்து சின்னப் பாக்கெட்டுகளை மேசையில் வைத்தார். வாயுவுக்கு மருந்துக் கடையில் விற்கும் பொடி. தண்ணீரில் போட்டால் நுரைத்துப் பொங்குவது.

“இந்தச் சாப்பாடு செரிக்கவே மாட்டேங்குது. வேளைக்கு ரெண்டு கலக்கிக் குடிச்சாத்தான் ஒரு ஏப்பமாவது வருது.”

ஆலோசகர் ஒன்றைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்தாள். சோடியம். இரண்டு பாக்கெட்டில் இருந்த உப்புச் சத்தே அவருக்கு ஒரு நாளைக்கு அளந்ததற்குக் கிட்டத்தட்டச் சரியாக இருந்தது. இவர் ஆறு குடித்துக்கொண்டிருந்தார்.

“இதை ஏம்மா நோட்டுல எழுதல?” என்று சீறினாள்.

மனைவி நோட்டின் முதல் பக்கத்தைத் திருப்பி, சிவப்பு மையில் இரண்டு முறை அடிக்கோடிட்ட வரியில் விரலை வைத்தாள்.

“‘சாப்பாடு மட்டும் எழுதவும், மருந்து எழுத வேண்டாம்’னு இருக்கு. உங்க கையெழுத்துதானே மேடம் இது?”