பாத்தியில் விழுந்த நிழல்

கடலுக்கு அப்பால் எங்கோ ஒரு மலை வெடித்த வாரத்தில்தான் சந்தனமாரி அந்த உப்பளத்து வீட்டுக்கு மருமகளாக வந்தாள். நிழல் விழுந்த பாத்தியில் உப்பு பூக்காது என்பது அங்குள்ளவர்களின் நம்பிக்கை. "நெழல ஒதுக்கி நடட்டி" என்று முதல் நாளே மாமியார் முத்துக்கனி அதட்டினாள். பிறகு மலையின் புகை வந்து வானத்தில் படிந்தது. பகலெல்லாம் அரிசி களைந்த தண்ணீரின் நிறத்தில் வெளிச்சம். விழுவதற்கு நிழலே இல்லை. வெயில் இல்லாமல் உப்பும் பூக்கவில்லை. வந்தவளின் ராசி என்று அக்கம்பக்கத்தில் பேசினார்கள். முத்துக்கனி திட்டுவதையே நிறுத்திவிட்டாள். சந்தனமாரிக்கு அதுதான் பயமாக இருந்தது.

ஒரு வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, அவளைத் தாய்வீட்டில் விட்டுவர மாமியாரே கிளம்பினாள். துணிமூட்டையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு சந்தனமாரி வரப்பில் முன்னே நடந்தாள்.

"ஏட்டி, கண்ணு அவிஞ்சா போச்சு? தள்ளி நட. ஒன் நெழலு பாத்தியில விழுது!"

சந்தனமாரி பதறி ஒதுங்கினாள். பிறகுதான் இருவரும் நின்றார்கள். பாத்தித் தண்ணீரின் ஓரத்தில் கறுப்பாக, இடுப்பில் மூட்டையோடு ஒருத்தி கிடந்தாள். சந்தனமாரி கையை அசைத்தாள். அவளும் அசைத்தாள்.

"வெளையாட்டப் பாரு இவளுக்கு!"

முத்துக்கனி மூட்டையைப் பிடுங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டு, வந்த வழியே திட்டியபடி வீட்டை நோக்கி நடந்தாள். ஒரு திட்டையும் தவறவிடாமல் சந்தனமாரி பின்னாலேயே ஓடினாள்.