யாரும் எடுக்கக் கூடாது

“கைய விடுங்கண்ணே, வலிக்குது!” என்று கத்தினாள் கண்ணகி. அம்மாசி விடவில்லை. இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

மேசைமேல் போன் அடித்துக்கொண்டிருந்தது.

“எடுக்காத கண்ணு. காஜா இன்னா சொல்லிட்டுப் போனான்? போன் அடிக்கும், யாரும் எடுக்கக் கூடாதுன்னானா இல்லியா?”

“எடுத்து எடுத்துப் பழகின கைண்ணே. அதுவாப் போவுது.”

கச்சிராயபாளையத்தில், கல்வராயன் மலைக்குப் போகும் சாலையோரம் இருந்தது அந்த அலுவலகம். மலையில் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால் அங்கே போன் செய்யலாம். ஓர் அறக்கட்டளையின் ஜீப் மேலே போய்க் கூட்டிவரும். ஜீப்புக்கு அம்மாசி. போனுக்குக் கண்ணகி. இரண்டு பேருக்கும் மேலே மேனேஜர் கொளஞ்சியப்பன்.

போன மாதம் கண்ணகி சாப்பிடப் போயிருந்த நேரத்தில் மலையிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். எடுக்க ஆளில்லை. பாம்பு கடித்த ஒருவருக்காக வந்த அழைப்பு அது என்று, அவரை அடக்கம் செய்தபிறகுதான் தெரிந்தது. அறக்கட்டளை எழுந்து நின்று மௌனம் அனுசரித்தது. உட்கார்ந்ததும் தீர்மானம் போட்டது: இனி ஓர் அழைப்பும் வீணாகக் கூடாது.

அதற்குத்தான் போன் மெக்கானிக் காஜா காலையிலிருந்து ஒயரோடு மல்லுக்கட்டினான். கண்ணகி எடுக்காவிட்டால் உள்ளறையில் மேனேஜர் போன் அடிக்கும். அவரும் எடுக்காவிட்டால் சுவரில் மாட்டிய பெட்டி, கண்ணகியின் குரலில் வணக்கம் சொல்லி, கூப்பிட்டவர் பேசுவதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சத்தம் வெளியே வராது. பேச்சு பதிவானதும் சிவப்பு விளக்கு மினுக்கும்.

“எதிர்க்க எஸ்.டி.டி. பூத்துலேர்ந்து கூப்ட்டுப் பாக்கறேன் சார். ரெண்டு போனையும் யாரும் தொடாதீங்க. தொட்டா டெஸ்ட் கெட்டுடும்” என்று சொல்லிவிட்டு இப்போதுதான் வெளியே போனான்.

இந்தப் பெட்டி வேலை செய்தாக வேண்டிய அவசரம் எல்லோரையும்விட அம்மாசிக்கு. மகள் பாப்பாத்திக்கு, மலையில் புருஷன் வீட்டில், ராத்திரியிலிருந்து இடுப்பு வலி. தலைப்பிரசவம். ‘தானாகப் பிறந்துவிட்டால் சரி. சிக்கல் என்றால் போன் செய்கிறேன், உடனே வண்டியோடு வாருங்கள்’ என்று நர்சம்மா காலை பஸ்ஸில் சொல்லி அனுப்பியிருந்தாள்.

“சும்மா ஒரு எட்டு போய்ப் பாத்துக்கினு வந்துடறேனே சார்?” என்று அம்மாசி கேட்டுப் பார்த்தார்.

“கால் வந்தாதான் வண்டி. ஊரான் பொண்ணுக்கு ஒரு ரூல், ஒம் பொண்ணுக்கு ஒரு ரூலாய்யா?” என்றார் மேனேஜர். நியாயமான மனிதர்.

ஆகவே ஜீப் சாவியை விரலில் மாட்டிக்கொண்டு போனுக்குக் காவல் நின்றார் அம்மாசி.

கண்ணகியின் போன் ஓய்ந்தது. உள்ளே மேனேஜர் போன் அடித்தது. தான் தொடவில்லை என்பதற்குச் சாட்சியாக அவர் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதுவும் ஓய்ந்தது. பெட்டியில் ‘கிளிக்’. கொஞ்ச நேரத்தில் விளக்கு மினுக்கியது.

“அடி சக்க! வேல செய்யுதுய்யா!” என்றார் மேனேஜர்.

அம்மாசி பெட்டியைக் கையெடுத்துக் கும்பிட்டார். கும்பிட்ட கையை இறக்குவதற்குள் போன் மறுபடி அடித்தது.

“பார்றா, இன்னொரு வாட்டியும் போடறான். பையன் வேலைல சுத்தம்” என்றார் மேனேஜர். எதிர் பூத்திலிருந்து ஒரு பெண்மணி போனில் மருமகளைக் கிழித்துத் தோரணம் கட்டும் சத்தம் சாலையைத் தாண்டி வந்தது. “ஜன்னலச் சாத்து கண்ணகி. டெஸ்ட் நடக்கறப்ப இன்னா கூச்சல் இது?”

கண்ணகி சாத்தினாள். இம்முறை அவளை யாரும் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நல்ல பிள்ளையாக நின்றாள். வெளிப் போன். உள் போன். கிளிக். விளக்கு மினுக்கத்தான் வெகுநேரம் ஆயிற்று.

“இம்மா நேரம் இன்னா சார் பேசியிருப்பான்? போட்டுக் கேக்கலாமா?” என்றாள் கண்ணகி.

“இன்னாத்தக் கேக்கறது? ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்னு கத்தியிருப்பான்.”

அம்மாசிக்கு வேறு கவலை வந்துவிட்டது. “சார், அவன் பேசினதே பெட்டிய ரொப்பிடப் போவுது. நர்சம்மா பேசறதுக்கு எடம் வோணும். அத்த மொதல்ல அழிச்சிடுங்க சார்.”

“அதுவும் சரிதான். அழிக்கிற பட்டன் வேல செய்யுதான்னும் பாக்கணுமில்ல?”

மேனேஜர் அழுத்தினார். விளக்கு அணைந்தது. அதுவும் வேலை செய்தது. கண்ணகி கைதட்டினாள்.

“இனிமே கவல இல்ல” என்றார் அம்மாசி, காலையிலிருந்து முதல்முறையாக நாற்காலியில் உட்கார்ந்து. “எம் பொண்ணுக்கு ஒண்ணுன்னா எப்பிடியும் தெரிஞ்சிடும்.”

கதவைத் தள்ளிக்கொண்டு காஜா வந்தான். சட்டையெல்லாம் வேர்வை.

“சாரி சார், லேட்டாயிடுச்சு. அந்தம்மா இப்பதான் பூத்த வுட்டு வெளிய வருது. ரெடியா இருங்க, இனிமேதான் மொதக் கால் போடப்போறேன்.”