கழித்த பிறகு மிஞ்சிய மேடு

வயிற்றில் இதயத் துடிப்பைப் பதிவுசெய்யும் கடைசிப் பட்டையை டெக்னீஷியன் ஒட்டி முடித்ததும், படுத்திருந்தவள் மூச்சைக்கூட அளந்துதான் விட்டாள்.

ஏழு மாதம். முதல் குழந்தை பிறந்த மூன்றாம் மாதத்தில் தூங்கியபடியே போய்விட்டது. ஏன் என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியவில்லை. இதற்கும் அப்படி ஆகிவிடுமா என்று தெரிந்துகொள்ளத்தான் வந்திருக்கிறாள்.

திரையில் கோடு ஓடத் தொடங்கியது. டெக்னீஷியனுக்குப் பதினோரு வருடப் பழக்கம். இருந்தும் இந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் அவளுக்கு மெய்சிலிர்க்கும். ஊசி இல்லை, கத்தி இல்லை. இன்னும் வெளிச்சத்தையே பார்க்காத ஓர் இதயத்தைத் தோலுக்கு வெளியே இருந்தே கேட்டுவிடலாம்.

கேட்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும், அது வேறு விஷயம். அம்மாவின் துடிப்பு வாய் ஓயாத விருந்தாளி மாதிரி. அது இருக்கும்வரை பிள்ளையின் குரல் எடுபடாது. அதனால் அம்மாவின் ஒவ்வொரு துடிப்பையும் வழக்கமான நீளத்துக்கு வெட்டிக் கழித்துவிடுவார்கள்.

கழித்தாள். பிள்ளை வந்தது, நிமிடத்துக்கு நூற்று நாற்பது.

கூடவே கோட்டில் ஒரு சின்ன மேடு. சற்றுத் தள்ளி இன்னொன்று. கழித்த பிறகு பிள்ளையின் துடிப்பைத் தவிர எதுவும் மிஞ்சக் கூடாது. டெக்னீஷியன் திரையை நோக்கிக் குனிந்தாள்.

"பிள்ளைக்கு ஒண்ணும் இல்லையே, சிஸ்டர்?"

டெக்னீஷியன் மேடுகளை எண்ணினாள். நிமிடத்துக்கு எழுபது. மறுபடியும் எண்ணினாள். அதே எழுபதுதான். பிள்ளையின் வேகம் இல்லை, அம்மாவின் வேகம்.

பிறகு பிள்ளையின் துடிப்பை மட்டும் தனியாக மூன்று முறை அளந்தாள். எங்கேயும் ஒரு பிசிறு இல்லை. டாக்டர்தான் சொல்ல வேண்டும், ஆனாலும் மனசு கேட்கவில்லை, பிள்ளை நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டாள்.

படுத்திருந்தவள் அழுதுகொண்டே சிரித்தாள். வெளியே நகத்தைக் கடித்தே தீர்த்திருக்கும் கணவனிடம் முதலில் சொல்ல வேண்டும் என்று எழுந்து செருப்பைத் தேடினாள்.

டெக்னீஷியன், கழித்துப் போட்ட அம்மாவின் கோட்டைத் திரும்ப எடுத்தாள். இத்தனை வருடத்தில் அதை ஒருமுறைகூட அவள் முழுசாகப் பார்த்ததில்லை. ஒவ்வொரு துடிப்பும் முடிய வேண்டிய இடத்தில் முடியாமல், வெட்டின அளவையும் தாண்டி இழுத்துக்கொண்டு போனது. அந்த இழுப்புக்குள் தப்பான துடிப்பு ஒன்று விழுந்தால் போதும், தூக்கத்திலேயே எல்லாம் முடிந்துவிடும். முதல் குழந்தைக்கும் இதே இதயம்தான் போயிருக்க வேண்டும்.

இந்த இதயத்தை வைத்துக்கொண்டு முப்பது வருடம் ஓடியாடி, இரண்டு பிள்ளைகளையும் சுமந்திருக்கிறாள். பிறக்காத பிள்ளை அல்லவா அம்மாவை இங்கே கூட்டிக்கொண்டு வந்திருக்கிறது. செருப்பை மாட்டப் போனவளின் கையை டெக்னீஷியன் பிடித்து நிறுத்தினாள்.

"இன்னொரு தடவை படுங்கம்மா," என்றாள். "இப்ப உங்களுக்கு எடுக்கணும்."