மிளகாய் தடவிய விரல்

பிலிப்பைன்ஸின் இலோயிலோ நகரத்து நண்பகல் வெயில் தகரக் கூரையில் காய்கிறது. சமையலறை வாசலில் உட்கார்ந்து நெனிதா, கொல்லையில் பறித்த ஊசிமிளகாயை நசுக்குகிறாள். அவளுடைய அக்கா ஹாங்காங்குக்கு வீட்டு வேலைக்குப் போன நாளிலிருந்து, அக்கா மகள் அனலினின் கட்டைவிரல் வாயை விட்டு இறங்கவில்லை. "நீட்டுடி." நாலு வயதுக் குழந்தை, ஊறி வெளுத்த விரலை நீட்டுகிறது. நெனிதா நகத்தைச் சுற்றிச் சாற்றைத் தடவுகிறாள். "இப்ப வெச்சுப் பாரு." குழந்தை வைக்கிறது. உதடு சிவந்து வீங்குகிறது, எச்சில் வழிகிறது. அழுகையை அடக்க அதற்குத் தெரிந்தது அந்த விரல் ஒன்றுதான். அழ அழ அதையே மறுபடி வாயில் வைக்கிறது. வேலிக்கு அப்பால் துணி உலர்த்தும் பக்கத்து வீட்டுக் கோரா எட்டிப் பார்க்கிறாள். "பச்சப்புள்ளடி நெனிதா." "நீங்க உங்க மகனுக்குத் தடவலையாக்கா?" "தடவுனேன். இப்ப அவனுக்குக் காரம் இல்லாம சோறே இறங்கல." இருவரும் சிரிக்கிறார்கள். சிரித்தபடி நெற்றி வேர்வையைத் துடைத்த நெனிதாவின் கை, கண்ணில் பட்டுவிடுகிறது. "அம்மா" என்று கண்ணைப் பொத்திக்கொண்டு குனிகிறாள். குழந்தையின் தேம்பல் நிற்கிறது. அனலின் விரலை வாயிலிருந்து எடுக்கிறாள்; சித்தி மேல் பட்டுவிடாமல் அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொள்கிறாள்; வீங்கிய உதட்டைக் குவித்து அந்தக் கண்ணில் மெல்ல ஊதுகிறாள். நெனிதா மற்றொரு கண்ணைத் திறந்து பார்க்கிறாள். குழந்தையின் வாயில் விரல் இல்லை. "பாத்தீங்களாக்கா, மொளகா கேட்டுடுச்சு. சாயந்தரம் இன்னொரு தடவ தடவிடறேன்." அனலின் இன்னும் ஊதிக்கொண்டிருக்கிறாள்.