பக்கத்து வீட்டுக் கழிப்பறை

ஆங்கிலம் கற்பிக்க வந்தவர்களுக்கு அந்த வெளிநாட்டுப் பள்ளி கொடுத்த வீடுகளில், கழிப்பறையே சிறுநீரைச் சோதித்து அலுவலகத்துக்குச் சொல்லிவிடும். எச்.ஐ.வி. மாத்திரையின் சுவடு தெரிந்தால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். அதனால் அந்த மாத்திரையை ரகசியமாகச் சாப்பிட்டுவந்த ஜெசிந்தா கடைத்தெருக் கழிப்பறைக்குத்தான் போவாள். பனி கொட்டிய ஞாயிறன்று வெளியே இறங்க முடியவில்லை. விருந்தாளிகளைக் கழிப்பறை கண்டுகொள்ளாது என்று நம்பி, "எங்க வீட்ல தண்ணி வரலக்கா" என்று பக்கத்து வீட்டு ஆசிரியை புளோராவிடம் போனாள்.

மறுநாள் வெளியேற்ற உத்தரவு புளோராவுக்கு வந்தது.

"கல்யாணமே ஆகாதவ நான். எங்கம்மா முகத்துல எப்படி முழிப்பேன் ஜெசி?"

மாத்திரை தன்னுடையது என்று தெரிந்தால் புளோராவை விட்டுவிடுவார்கள் என்று எண்ணி, ஜெசிந்தா தன் கழிப்பறையில் முதல்முறையாக உட்கார்ந்தாள். கை கழுவுவதற்குள் அவளுக்கும் உத்தரவு வந்தது. புளோராவின் உத்தரவு ரத்தாகவில்லை.

விமானத்தில் புளோரா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "உன்னையும் பொய்யா மாட்டிவிட்டுருச்சா அந்தச் சனியன்?"

"ஆமாக்கா" என்றாள் ஜெசிந்தா.