மலைக் கிராமத்து மரச்சீவல்

"மரச்சீவல் ரெண்டு கைப்பிடி போதுமா, இன்னும் போடணுமா?" என்று சமையலறையிலிருந்து கேட்டாள் கனகவல்லி.

"போதும் போதும். தண்ணி கொதிச்சதும் போட்டு, உடனே வடிகட்டிடு. அந்தத் தண்ணியிலதான் சாத்தமுது வைக்கணும்" என்றான் தோத்தாத்ரி.

"ஒரு மாதிரி வாசனை வரதே, ஏன்னா?"

"மலை மரம். புகையில காய வெச்சிருப்பா. ஜப்பான்ல நான் தங்கின வீட்டு அம்மா கட்டையை இழைப்புளியில சீவினதை என் கண்ணால பார்த்தேன்."

கனகவல்லி சீவலைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டாள். ரசத்தை வாயில் வைத்துப் பார்த்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் அது ருசி பார்க்காமல் சமைக்கும் வீடு.

மறைமலை நகர் தொழிற்சாலை தோத்தாத்ரியை மூன்று மாதப் பயிற்சிக்கு ஜப்பான் அனுப்பியதில் ஆரம்பித்தது வினை. கடல் தாண்டிப் போன மாப்பிள்ளை அங்கே எதைத் தின்றாரோ என்று மாடம்பாக்கத்து மாமியாருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அவன் திரும்பி நான்கு மாதமாகியும் அந்த வீட்டிலிருந்து ஒருவர்கூட சிட்லபாக்கத்துக்கு வந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை.

அடுத்த மாதம் கனகவல்லிக்குச் சீமந்தம். பிறந்த வீட்டு மனிதர்கள் வருவார்களா என்று தெரியாமல் அவள் அழாத நாளே கிடையாது. விசாரித்து வரும்படி மாமியார் இன்றைக்குத்தான் மாமனாரை அனுப்பியிருந்தாள்.

மாமனார் பக்தவச்சலம் இலையின் முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். குடும்பத்தை மாடம்பாக்கத்தில் விட்டுவிட்டு, வங்காளத்து ரயில்வேயில் முப்பது வருடம் தனியாகக் காலம் தள்ளி ஓய்வு பெற்றவர். முகத்தில் சிரிப்பு என்பது மருந்துக்கும் இல்லை.

"சத்தியமா சொல்றேன் மாமா, ஒரு புழு பூச்சியைக்கூடத் தொடலை" என்றான் தோத்தாத்ரி. "எங்க சூப்பர்வைசர் நகாமுராவோட மலைக் கிராமத்துல மூணு நாள் தங்கினேன். சுத்திலும் தேவதாரு மரம். ஓட்டை உடைச்சல் இல்லாத வைக்கோல் கூரை, பனி வழுக்கி விழணும்னு ரெண்டு கையைக் கூப்பின மாதிரி செங்குத்தா இருக்கும். கூடத்து நடுவுல தரையைத் தோண்டி அடுப்பு. அவரோட அம்மா மண்டி போட்டுப் பரிமாறினா. சாதம், மலைக் கீரை, இந்த மரச்சீவல் ரசம். கிளம்பறச்சே ஒரு பொட்டலம் கட்டியும் கொடுத்தா. முனிவர் சாப்பாடு மாமா!"

"ம்" என்றார் மாமனார். கனகவல்லி ரசத்தை விட்டாள். அவர் பிசைந்து ஒரு வாய் வைத்தார். கண்ணை மூடினார்.

"இன்னும் கொஞ்சம் விடு" என்றார்.

அந்த நேரம் பார்த்து வாசலில் தபால்காரர் குரல் கொடுத்தார். "சார், ஃபாரின் லெட்டர்!"

நகாமுராவின் கடிதம். அது என்ன மரம் என்று யாராவது கேட்டால் சொல்ல வேண்டுமே என்று தோத்தாத்ரி போன மாதம் எழுதிக் கேட்டிருந்தான். ஆசையாகப் பிரித்தான். கோணல் மாணலான ஆங்கிலத்தில் நான்கே வரி.

'அது மரம் இல்லை, நண்பரே. மீன். வேகவைத்து, மாதக்கணக்கில் புகையில் காயவைத்தால் கட்டை போல் ஆகிவிடும். உங்களுக்குப் பிடித்திருந்ததில் அம்மாவுக்கு மிகவும் சந்தோஷம்.'

மலைக் கிராமத்தில் மூன்று நாளும் மூன்று வேளையும் அதைக் கேட்டு வாங்கிக் குடித்தது தோத்தாத்ரிக்கு நினைவுக்கு வந்தது. உள்ளே ஓடினான்.

"மூணாவது தடவையாக் கேக்கறார் அப்பா! சாத்தமுது சொட்டு மிச்சமில்லை" என்றாள் கனகவல்லி. நான்கு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரிக்கிறாள்.

அவள் சாப்பிடப் பாக்கி இல்லை, அந்த மட்டும் தப்பித்தாள். ஆனால் பெரியவரை என்ன செய்வது? சொன்னால் சீமந்தம் மட்டுமில்லை, இந்த ஜன்மத்துக்கு உறவே முறிந்துவிடும். சொல்லாவிட்டால் ஆசாரமான மனிதருக்குச் செய்த பாவம் அவன் தலையில்.

பக்தவச்சலம் கை கழுவிக்கொண்டு மகளின் தலையில் கை வைத்தார். "சீமந்தத்துக்கு உங்கம்மாவை நானே அழைச்சிண்டு வரேன். மாப்பிள்ளை சுத்தம்னு நான் சொன்னா அவ நம்புவா."

கனகவல்லி ஓவென்று அழுதுவிட்டாள். அந்த அழுகையைக் கேட்டதும் தோத்தாத்ரி கடிதத்தை மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டான்.

வழியனுப்ப கேட் வரைக்கும் கூடவே போனான். மாமனார் குடையை விரித்தார். இதற்கு மேல் தாங்காது என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"மாமா, என்னை மன்னிச்சுடுங்கோ. அந்தச் சீவல்... அது மரம் இல்லை..."

பக்தவச்சலம் வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். மகள் அங்கே இல்லை என்று நிச்சயமானதும் குடையைத் தாழ்த்தி, மாப்பிள்ளையின் காதருகே குனிந்தார்.

"மீன்தானே? ரிட்டயரானப்புறம் இன்னிக்குத்தான் வாய்க்கு ருசியா சாப்பிட்டிருக்கேன், உங்க மாமியார்கிட்ட சொல்லிக் கெடுத்துடாதேங்கோ!"